வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை

அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் படத்தை நான் நம்பவில்லை. படத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஓர் அடை, ஓரமெல்லாம் லேசாகச் சிவந்து, பிட்ட இடத்திலிருந்து சீஸ் நூல் நூலாக இழுபடுகிறது. உள்ளே கையை விட்டு எடுத்தால் வெளிறிப்போய், கல்லாக உறைந்து, ஒன்றோடொன்று மோதினால் டக்கென்று சத்தம் போடுகிற வட்டங்கள். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் தரகர் காட்டுகிற போட்டோவுக்கும் நேரில் வந்து நிற்கிற ஆளுக்கும் இருக்கிற அதே வித்தியாசம். இதற்கு அரேப்பா என்று பெயராம். காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், கார் சாவியைத் தேடிக்கொண்டே என் மகள் விசாலி சொன்னாள், "மக்காச்சோள மாவும்மா, உள்ள சீஸ் வச்சிருக்கான், அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணாது." ஒன்றும் பண்ணாது என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சந்தேகமே வரும். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் காலமெல்லாம் வார்டனாக இருந்தவள் நான். "ஒண்ணுமில்ல மேடம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அங்கே என்னவோ இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கும் சரி, கடலைத் தாண்டி வந்து இந்த ஃப்ளோரிடாவில் மகள் வீட்டு அடுக்களையில் நிற்கிற இன்றைக்கும் சரி. சாவி கிடைத்து, செருப்பை மாட்டி, கதவையும் திறந்த பிறகு, பால்காரர் வருவார் என்று சொல்வதுபோல அவள் இன்னொன்று சொன்னாள். "அவர் இன்னைக்கு மத்தியானமே வந்துருவாராம். அவருக்கும் சேத்து வச்சிரு." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். மக்காச்சோளம், தண்ணீர், பால், உப்பு, அதற்குப் பிறகு என்சைம் என்று ஒரு சொல். பூங்காவில் நடக்கப் போகும்போது பழக்கமான மதுரைக்கார அம்மா ஒருத்தி, அவளும் மகன் வீட்டுக்கு வந்தவள்தான், சில சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற எதையோ போட்டுத்தான் பாலை உறைய வைக்கிறார்கள் என்று காதோடு சொன்னாள். அன்றிலிருந்து சீஸ் என்றாலே எனக்கு ஒரு மாதிரி. கேட்டால் விசாலி, "இதுல அது இல்லம்மா, நான் பாத்துத்தான் வாங்குனேன்" என்கிறாள். பார்த்து வாங்குகிற பிள்ளையா அவள்? சின்ன வயதில் கத்தரிக்காய் வாங்க அனுப்பினால் பாதி சொத்தையோடு வருவாள். மாப்பிள்ளையை மட்டும் அவளேதான் பார்த்தாள். இல்லை, அது தப்பு, நாங்கள்தான் பார்த்தோம், அவள் சரி என்றாள். தென்காசிப் பையன், எங்களவர், குற்றாலநாதன் என்று லட்சணமான பெயர், அம்மா இல்லாத பிள்ளை, ஒரு சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நாங்கள் சொன்னோம், அவள் சரி என்றாள். அப்படிச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தாளா, கதவைப் பார்த்தாளா? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஞாபகம் வராதது பயமாக இருக்கிறது. நான் இங்கே வந்து இறங்கிய சில நாட்களிலேயே மனதில் ஒரு முள் தைத்துவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாழ்கிறார்களா? வெளியே சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை ஜாக்சன்வில்லில், வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறார், ஞாயிறு சாயங்காலம் போகிறார். இதில் என்ன குற்றம்? விசாலியின் அப்பா தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது அவரும் சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். கேட்டால் அது உண்மையாகிவிடுமோ என்று மூடிக்கொண்டேன்.

ஏர் ஃபிரையர் என்கிற இந்தக் கறுப்புப் பெட்டியையும் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெயில் போடாமலே பொரிக்குமாம். எண்ணெயில் போடாமல் பொரிப்பதற்குப் பெயர் பொரிப்பதா? அடுப்பென்றால் தீ கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூடையை இழுத்து மோந்து பார்க்கிறேன். கோழி வாடை, மீன் வாடை ஏதாவது இருக்கிறதா? சோப்பு வாடைதான். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். ஏன் இவ்வளவு நன்றாகக் கழுவியிருக்கிறாள்? விடுதியில் ஓர் அறை திடீரென்று பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தால் நான் முதலில் மெத்தைக்கு அடியில்தான் கையை விடுவேன். கூடையின் அடித்தட்டில் கறுப்புப் பூச்சு அங்கங்கே உரிந்திருக்கிறது, ஓரத்தில் தேய்த்தும் போகாத பழுப்புக் கறை. பல நாள் உழைத்த பெட்டி. நான்கு வட்டங்களை எடுத்து இரண்டு பக்கமும் விரலால் நல்லெண்ணெய் தடவுகிறேன். பட்டர் தடவு என்றுதான் சொன்னாள், எனக்கு மனசு கேட்கவில்லை. பனி விரலில் ஒட்டி இழுக்கிறது. மாப்பிள்ளைக்கு இரண்டு, பிடித்திருந்தால் இன்னொன்று, மிச்சம் எனக்கு. ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி உள்ளே தள்ளினால் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்துகிறேன், சிவப்பு எண்கள் எரிகின்றன, அப்புறம் உஸ்ஸென்று மூச்சு. உள்ளே வாங்காமல் வெளியே மட்டும் விட்டுக்கொண்டிருக்கிற மூச்சு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தால் இவர்கள் குறைந்தா போவார்கள்? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன், முடியவில்லை, கூடையை வெளியே இழுத்துவிடுகிறேன். மூச்சு நின்றுபோகிறது. அடைகள் அப்படியே வெளுத்துக் கிடக்கின்றன, எண்ணெய் மட்டும் மினுங்குகிறது. "சும்மா சும்மா தெறந்து பாக்காதம்மா, சூடு போயிரும். அதுவா வேகும், நம்பி விடு" என்று போன வாரமே விசாலி கத்தினாள். நம்பி விடுகிற குணம் இருந்தால் நான் வார்டனாகவா இருந்திருப்பேன், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போன நாள் எனக்குக் கிடையாது. மறுபடியும் தள்ளி மூடுகிறேன். விட்ட இடத்திலிருந்து அது மூச்சு விடுகிறது.

போன சனிக்கிழமை இதே இடத்தில்தான் நின்றேன், உருளைக்கிழங்கை நறுக்கி இதற்குள் போட்டிருந்தேன். மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வந்தார். வந்தவர் இந்தப் பெட்டியைப் பார்த்தார், கொஞ்சம் குனிந்தே பார்த்தார், "இது புதுசா அத்தை?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல், "எனக்கென்ன தெரியும் மாப்பிள, விசாலியத்தான் கேக்கணும்" என்று சிரித்துவைத்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி படுத்தபிறகு அந்தக் கேள்வி திரும்பி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. இது புதுசா? பூச்சு உரிந்து, கறை பிடித்து, கைப்பிடி ஆடுகிற பெட்டி. தன் வீட்டில் இருக்கிற பழைய பெட்டியைப் பார்த்து ஒருவர் புதுசா என்று எப்படிக் கேட்பார்? இதற்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆம்பிளைகளுக்கு அடுக்களையில் எது புதுசு எது பழசு என்று எங்கே தெரிகிறது? விசாலியின் அப்பாவுக்குக் காப்பிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றுவரைக்கும் தெரியாது. புது மிக்ஸி வாங்கி அது தேய்ந்து ரிப்பேருக்குப் போன அன்றைக்குத்தான், "இது எப்பம் வாங்குனது?" என்று கேட்டார். அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய எனக்கு இது ஒரு சாட்சியமா? சாட்சியம் இல்லைதான். ஆனாலும் நான் வந்த அன்றைக்கே விசாலி சொன்னாள், இந்தப் பெட்டியைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள், "இது இல்லாம எங்களுக்கு ஒரு நாளும் ஓடாதும்மா, வேலைவிட்டு வந்தா இதுலதான் எல்லாம்." எங்களுக்கு என்றாள். எங்களுக்கு என்றால் யாருக்கு?

ஒன்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே நாலு வருகிறது. மாப்பிள்ளை தோளில் ஒரு பையோடு வருகிறார், அதில் துண்டு இருக்கிறது. சொந்த வீட்டுக்கு வருகிறவர் துண்டு கொண்டுவருவாரா? குளியலறையில் அவர் சவரம் செய்கிற சாமான் எதுவும் நிரந்தரமாக இருந்து நான் பார்க்கவில்லை, எல்லாம் பையிலிருந்து வருகிறது, பைக்குள் போகிறது. ஷூவைக் கழற்றினால் மூக்கு வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி ஓரமாக வைக்கிறார். இந்த வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது, எண்ணை அழுத்தினால் திறக்கும், எனக்கே அந்த எண் தெரியும், அவர் மட்டும் மணி அடித்துவிட்டு நிற்கிறார். ராத்திரி கம்ப்யூட்டர் அறையில் படுத்துக்கொள்கிறார், குறட்டையாம். இத்தனையும் என் கண்முன்னால்தான் நடந்தது. விடுதியில் ஒரு பிள்ளை தாவணியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலே கண்டுபிடித்த என் கண் முன்னால்தான். மனதில் முள் தைத்தும் இதெல்லாம் ஏன் எனக்கு உறைக்கவில்லை? இப்போது அந்தப் பெட்டி மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் புரிகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் கடைசிவரைக்கும் விருந்தாளிதான். வாசல் வரைக்கும் போய் வாங்க என்று கூப்பிட வேண்டும். கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமியார் இலையில் உட்காருவது, அவரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கமே கிடையாது. அவர் அடுக்களைக்குள் வந்து ஒரு தட்டைத் தொட்டால் மாமியார் சரியில்லை என்று அர்த்தம். ஊர்விட்டு ஊர் வந்தாலும் இந்த முறை என்னோடு பெட்டியில் வந்துவிட்டது. இது அவர் வீடு, நான்தான் விருந்துக்கு வந்தவள் என்பதையே மறந்து, நான் அவரை உபசரித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியாக நடத்தப்படுகிறவர் விருந்தாளி மாதிரி நடந்தால் அது யாருக்குத் தப்பாகத் தெரியும்? சோபா நுனியில் உட்கார்ந்தார், என்ன அடக்கம் என்றேன். மணி அடித்து நின்றார், என்ன மரியாதை என்றேன். விசாலியின் அப்பாவிடம் வீடியோவில், "மாப்பிள்ளை தங்கம்லா" என்று பெருமை வேறு அடித்தேன். இந்த முறையெல்லாம் பார்க்காத ஊரில் பிறந்த மாமியாராக இருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பாள்.

கூடையை இழுக்கிறேன், இந்தத் தடவை காரணத்தோடு, திருப்பிப் போட வேண்டும். மேல்பக்கம் பொரிந்து மஞ்சள் ஏறியிருக்கிறது. கரண்டியால் புரட்டினால் ஒன்றின் ஓரத்தில் வெடிப்பு, அதிலிருந்து ஒரு சொட்டு சீஸ் வெளியே வந்து கூடையில் கருகி ஒட்டியிருக்கிறது. வாடை மோசமில்லை. சுட்ட சோளக்கதிர் வாடை, கொஞ்சம் நெய் காய்கிற வாடை. வாயில் எச்சில் ஊறுகிறது, இந்த நேரத்திலுமா என்று என்மேலேயே எரிச்சல் வருகிறது. தள்ளி மூடுகிறேன். விடுதியில் பார்வையாளர் அறை என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்று ஒருவன் வருவான், மாமா மகன் என்று ஒருவன் வருவான். யார் நிஜம், யார் பொய் என்று நான் கையெழுத்தை வைத்தெல்லாம் பார்த்ததில்லை, ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேச்சைத்தான் கேட்பேன். நிஜ அண்ணன் வந்தவுடனே, "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்ட?" என்று கேட்பான், அந்தப் பிள்ளை, "ஒன் மூஞ்சியப் பாரு" என்று சொல்லும், ரெண்டு நிமிடத்தில் தகராறு வந்துவிடும். சாப்பிட்டீங்களா, உடம்பு பரவாயில்லையா என்று பூப்போல விசாரித்துக்கொண்டால் நான் எழுந்துபோய், "தம்பி, நீங்க கெளம்பலாம்" என்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. என் மகளும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதை இப்போது ஒவ்வொன்றாகக் காதில் கேட்டுப் பார்க்கிறேன். "உப்பு கொஞ்சம் எடுக்கீங்களா, ப்ளீஸ்." "தேங்க்ஸ்." "டிராஃபிக் எப்படி இருந்துச்சு?" "பரவால்ல." நான் வந்து இத்தனை வாரமாகிவிட்டது, இவர்கள் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. தூத்துக்குடியிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்குகிற மனிதரோடு, அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் எனக்குச் சண்டை வந்துவிடும். ஒரு வாரச் சண்டையைச் சேர்த்துவைத்துப் போட வேண்டுமே.

சரி, வேறு என்னவாக இருக்கும்? அவருக்கு வேலை போயிருக்கலாம், அதைத்தான் மறைக்கிறார்களோ? வேலை போனவர் எதற்கு ஜாக்சன்வில்லில் இருக்க வேண்டும்? உடம்புக்கு ஏதாவதா? இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார். அங்கே வேறு யாராவது ஒருத்தி? அந்த நினைப்பை வந்த வேகத்திலேயே விரட்டுகிறேன், அந்த முகத்தில் அது இல்லை. அப்படியென்றால் இவளுக்கா? என் மகளுக்கா? இதை நினைத்தவுடன் கை தானாகப் போய் மேடையைத் துடைக்கிறது, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறது. நேற்று வீடியோவில் விசாலியின் அப்பாவிடம் லேசாகத் தொட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் ஒரு மாதிரி இருக்கிறார்கள் என்று. "ஆவுட, அங்கயும் போயி வார்டன் வேலைய ஆரம்பிச்சிட்டியா? பிள்ளையள நிம்மதியா இருக்க விடு" என்று என் பெயரை இழுத்துச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு பிரஷர், அதற்குமேல் நான் பேசவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாகரிகமாகப் பேசிக்கொள்கிறார்கள், எனக்குத்தான் சண்டை இல்லாத வீட்டைப் பார்த்தால் வீடு மாதிரித் தெரியவில்லையோ? அப்படியே இருக்கட்டும் சாமி, என் புத்திதான் கோணல் என்று இருக்கட்டும். எனக்கு ஊருக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. நான் போன பிறகு இந்த வீட்டில் யார் இருப்பார்கள்? அதுதான் அடிவயிற்றில் இருக்கிற கேள்வி, மற்றதெல்லாம் மேலே போர்த்தியது. வேலைவிட்டு வந்து, எண்ணை அழுத்தித் தானே கதவைத் திறந்து, ஒற்றை ஆளுக்கு ஒற்றை அடையை இந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு என் மகள் நிற்பாளா? நான் பெற்ற பிள்ளை என்னிடம் சொல்லாமல், என் எதிரிலேயே சிரித்துக்கொண்டு, தனியாக நிற்கிறாளா? கோபம் கோபமாக வருகிறது, அழுகையும் கூடவே வருகிறது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

வாசல் மணி. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறக்கிறேன். மாப்பிள்ளைதான், தோளில் பை. "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்கிறார். "வாங்க மாப்பிள, வாங்க" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்கிறது. பழக்கதோஷம். அவர் ஷூவைக் கழற்றித் திருப்பி வைக்கிறார், சோபா நுனியில் உட்கார்கிறார். தண்ணீர் கொடுக்கிறேன், இரண்டு கையாலும் வாங்குகிறார். அடுக்களையில் பெட்டி மணியடித்து ஓய்கிறது. கூடையை வெளியே எடுக்கிறேன், அடைகள் நாலும் பொன்னாகப் பொரிந்திருக்கின்றன, படத்தில் இருந்த மாதிரியே. வழக்கமென்றால் தட்டில் வைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்திருப்பேன். இன்றைக்குக் கால் எழவில்லை. "மாப்பிள, கை எண்ணெயா இருக்கு. தட்டு ஒண்ணு எடுத்துத் தாங்களேன்" என்கிறேன். இதுவரைக்கும் அவரிடம் ஒரு வேலை சொன்னவளில்லை. அவர் சட்டென்று எழுந்து வருகிறார், வேலை சொன்னதில் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருக்கிறது. மேல் அலமாரியைத் திறக்கிறார், அரிசி டப்பா, மூடுகிறார். அடுத்ததைத் திறக்கிறார், டம்ளர்கள், மூடுகிறார். ஆம்பிளைகளுக்குத் தட்டு இருக்கிற இடம் தெரியாதது அதிசயமில்லை என்று நானே சொன்னேன். ஆனால் தெரியாத ஆம்பிளை உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டு எங்கே என்று கத்துவான், அலமாரியை எல்லாம் திறந்துபோட்டுவிட்டுப் போவான். இவர் ஒவ்வொரு கதவையும் சத்தம் வராமல், விரல் வைத்துத் தாங்கி மூடுகிறார். பிறத்தியார் வீட்டு அலமாரியை அப்படித்தான் மூடுவார்கள். பிடித்துவிட்டேன். வார்டனாக இருந்த காலத்தில் ஒரு பொய்யைப் பிடித்தால் உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வரும், அதை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். இன்றைக்கு அது வரவில்லை. இவரை இப்படித் தேடவிட்டு வேடிக்கை பார்த்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

"எப்பயிருந்து?" என்று கேட்கிறேன்.

"என்னது அத்தை?"

"நீங்க ரெண்டு பேரும்."

அவர் திரும்பவில்லை. அலமாரிக் கதவில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. "போன ஆடியில அத்தை. கோர்ட்டுல கையெழுத்தெல்லாம் போட்டு முடிஞ்சிட்டு" என்கிறார்.

ஆடி மாதம். புதுப்பெண்ணை மாப்பிள்ளையிடமிருந்து நாங்களே பிரித்துக் கூட்டிவருகிற மாதம். மாதம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவோம். இவ்வளவு நாளும் சந்தேகப்பட்டவளுக்கு இது தெரிந்த விஷயம்தானே, ஏன் புதிதாகக் கேட்பதுபோல இருக்கிறது? சந்தேகப்படும்போதெல்லாம் இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன். "யாரு மேல தப்பு?" என்கிறேன். விடுதியில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி.

"தப்புன்னு ஒண்ணும் இல்ல அத்தை. சேந்து இருக்க முடியல. சண்டைகூட வரல. ஆளுக்கொரு ரூம்ல உக்காந்திருந்தோம், அவ்வளவுதான்."

"அப்பம் எனக்கு எதுக்கு இந்த நாடகம்? அவ போடச் சொன்னாளா?"

"முத வாரம் அவதான் கூப்பிட்டா. வந்து எறங்குன உடனே சொல்ல வேண்டாம், ஒரு வாரம் போவட்டும்னா. ரெண்டாவது வாரம் சொல்லிருதேன்னா. நாந்தான் வேண்டாம்னேன்." இப்போது திரும்புகிறார். கண்ணைப் பார்க்க முடியவில்லை, நான் அவர் கையைப் பார்க்கிறேன். "ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம்னு நாந்தான் தள்ளிப் போட்டுட்டு வந்தேன். அவளுக்கு இதுல கஷ்டந்தான். இன்னைக்குச் சாயங்காலம் கண்டிப்பா அம்மாட்ட சொல்லப் போறேன்னு நேத்து போன்ல சொன்னா. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறேன்னு கேட்டேன். சரின்னா. அதான் மத்தியானமே வந்தேன்."

"எதுக்கு வரணும்? இவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கிட்டு?"

"நீங்க வாசல் வரைக்கும் வந்து வாங்கன்னு கூப்பிடுதீங்கள்லா அத்தை" என்கிறார். "அதுக்குத்தான்."

அடைகள் கூடையில் ஆறுகின்றன. இவர்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிகிறது, கோபம் வரமாட்டேன் என்கிறது. சாயங்காலம் விசாலி வருவாள், காலையிலிருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் நான் அழக் கூடாது. அது சாயங்காலம். இப்போது இந்தப் பிள்ளை என் எதிரில் வெறுங்கையோடு நிற்கிறது. மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்கு இனி உரிமை இல்லை. போன ஆடியிலிருந்தே இல்லை, தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு போக ஒவ்வொரு வாரமும் வந்திருக்கிறார். இவர் இனி இந்த வீட்டுக்கு யார், எனக்கு யார் என்று ஊரில் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

"தம்பி, தட்டு அந்தக் கடைசிக் கதவுக்குள்ள இருக்கு. ரெண்டா எடுத்துட்டு வா. நானும் இன்னும் சாப்பிடல."